ஒருநாள் பிறந்த இருவர்

நுழையும்முன்

பிறந்தநாள் ஒன்றாக அமைவது தற்செயல். ஆனால், அத்தற்செயல் வாழ்நாள் நட்பாகவும் ஒரு மொழியின் இசைச் செல்வமாகவும் வளர்வது அரிது. கருநாடக இசைமேதை ஜி. என். பாலசுப்பிரமணியம் 1910ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் பிறந்தார். ஐம்பத்தேழு ஆண்டுகள் கழித்து அதே நாளில் ஏ. ஆர். ரகுமான் பிறந்தார். மேலைநாட்டு இசையுலகில் எல்விஸ் பிரெஸ்லி, டேவிட் போவி ஆகிய இருவரின் பிறந்தநாளும் ஜனவரி 8 ஆகும். இவர்கள் நாளால் மட்டுமே இணைந்தவர்கள். நாளாலும் தொழிலாலும் அன்பாலும் இணைந்த இருவரைத் தமிழ்த் திரையிசை கண்டது. ஜூன் 24ஆம் நாள் பிறந்த கவிஞர் கண்ணதாசனும், ஓராண்டு கழித்து அதே நாளில் பிறந்த இசையமைப்பாளர் எம். எஸ். விசுவநாதனும் அவ்விருவர். கண்ணதாசனின் வாழ்க்கையை அந்த நட்பின் வழியே காண்பது இப்பாடம்.

காலையில் ஒலிக்கும் இசை

சென்னையின் மேற்கு எல்லையில் போரூரைக் கடந்ததும் வரும் ஊர் ஐயப்பன்தாங்கல். அங்கிருந்து போரூர் வழியாக நகருக்குள் செல்லும் ஆற்காடு சாலை வளசரவாக்கம், வடபழனி ஆகிய பகுதிகளைக் கடந்து கோடம்பாக்கத்தை அடைகிறது. ஒரு காலத்தில் அச்சாலையின் இருமருங்கிலும் படப்பிடிப்பு நிலையங்களும் ஒலிப்பதிவுக் கூடங்களும் நிறைந்திருந்தன. தமிழர் இன்றும் முணுமுணுக்கும் பாடல்களுள் பெரும்பாலானவை அச்சாலையை ஒட்டிய கூடங்களில் பிறந்தவையே.

ஐயப்பன்தாங்கலிலும், தமிழகத்தின் பிற ஊர்களிலும், பள்ளிகளின் காலை வழிபாட்டுக் கூட்டம் தமிழ்த்தாய் வாழ்த்துடன் தொடங்குகிறது. மனோன்மணீயம் சுந்தரனார் இயற்றிய அப்பாடலுக்கு மோகன இராகத்தில் இசை வடிவம் தந்தவர் எம். எஸ். விசுவநாதன். 1970ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு அதனை அரசு விழாக்களுக்குரிய வாழ்த்துப் பாடலாக ஏற்றது. 2021ஆம் ஆண்டு அது மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. நாள்தோறும் அதைப் பாடும் மாணவர்களுள் பலர் அம்மெட்டை அமைத்தவர் யார் என அறியார். அவருடைய தாய்மொழி தமிழன்று என்பதை அறிந்தவர் அவரினும் சிலர். பிறமொழிச் சூழலில் பிறந்த அந்த இசைஞரைத் தமிழின் உள்ளத்தோடு பிணைத்ததில் பெரும்பங்கு கண்ணதாசனுக்கு உண்டு.

சிறுகூடல்பட்டியின் முத்தையா

இன்றைய சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடிக்கு அண்மையில் உள்ள சிற்றூர் சிறுகூடல்பட்டி. அவ்வூரில் சாத்தப்பனார், விசாலாட்சி இணையரின் எட்டாவது மகவாக 1927ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் கண்ணதாசன் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் முத்தையா. நகரத்தார் மரபின் வழக்கப்படி அவர் இளமையிலேயே வேறொரு குடும்பத்திற்குச் சுவீகாரம் கொடுக்கப்பட்டார். அங்கு அவருக்கு நாராயணன் என்னும் பெயர் வழங்கியது. இருவேறு இல்லங்கள், இருவேறு பெயர்கள் என வளர்ந்த அச்சிறுவன், பிற்காலத்தில் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட மூன்றாவது பெயரால் நிலைபெற்றான்.

சிறுகூடல்பட்டியிலும் அமராவதிபுதூர்க் குருகுலத்திலும் கல்வி பயின்றார். எட்டாம் வகுப்போடு பள்ளிப்படிப்பு நின்றது. ஆனால், படிப்பு நிற்கவில்லை. கம்பனையும் சித்தர் பாடல்களையும் பாரதியையும் தாமே தேடிப் படித்தார். எழுத்தாளனாக வேண்டும் என்னும் வேட்கை இளமையிலேயே அவரைப் பற்றிக்கொண்டது. சென்னைக்கு வந்து, திருவொற்றியூரில் ஒரு நிறுவனத்தில் சிறிய வேலை பார்த்தார். அவ்வேலையில் மனம் ஒட்டவில்லை. 1944ஆம் ஆண்டு புதுக்கோட்டையிலிருந்து வெளிவந்த 'திருமகள்' இதழில் சேர்ந்தார். பதினேழு வயது இளைஞர் இதழாசிரியப் பொறுப்பேற்ற அந்தக் காலத்தில்தான் கண்ணதாசன் என்னும் புனைபெயர் பிறந்தது. காரைமுத்துப் புலவர், வணங்காமுடி, ஆரோக்கியசாமி எனப் பல பெயர்களில் அவர் எழுதியதுண்டு. எனினும், மக்கள் மனத்தில் தங்கியது கண்ணதாசன் என்னும் பெயரே.

எலப்புள்ளியின் விசுவநாதன்

கேரளத்தின் பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் 1928ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் விசுவநாதன் பிறந்தார். நான்கு வயதில் தந்தையை இழந்தார். குடும்பம் வறுமையில் தவித்தது. கண்ணூரில் இருந்த தாத்தாவின் ஆதரவில் தாயும் மகனும் வாழ்ந்தனர். பள்ளிக்கல்வி அவருக்கு முறையாக வாய்க்கவில்லை. நீலகண்ட பாகவதர் என்னும் ஆசிரியரிடம் இசை கற்றார். பதின்மூன்றாம் வயதில் மேடையில் பாடினார்.

நடிகராக வேண்டும் என்னும் ஆசையே அவரைத் திரைத்துறைக்கு இழுத்தது. சிறு வேடங்கள் ஒன்றிரண்டுக்கு மேல் அத்துறை அவருக்கு இடம் தரவில்லை. கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில் ஏவல் பணியாளராகச் சேர்ந்தார். இசைக்கலைஞர்களுக்குத் தேநீர் வாங்கி வருவதும், இசைக்கருவிகளைத் துடைத்து வைப்பதும் அவருடைய பணிகள். அங்கு இசையமைப்பாளராக இருந்த எஸ். எம். சுப்பையா நாயுடு, அச்சிறுவனுக்குள் இருந்த இசையறிவைக் கண்டுகொண்டார். பின்னர்ச் சென்னையில் சி. ஆர். சுப்பராமனின் இசைக்குழுவில் விசுவநாதன் இணைந்தார். அக்குழுவில் வயலின் வாசித்தவர் டி. கே. இராமமூர்த்தி.

ஒருவர் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். மற்றவர் பள்ளியைச் சரியாகக் காணாதவர். ஒருவருக்கு இசையில் பயிற்சி இல்லை. மற்றவருக்குத் தமிழ் இலக்கியத்தில் பயிற்சி இல்லை. இவ்விருவரும் சேர்ந்து தமிழ்ப்பாடலின் போக்கையே மாற்றப் போகிறார்கள் என அன்று எவரும் எண்ணியிருக்க இயலாது.

இருவரும் இணைந்த களம்

1949ஆம் ஆண்டு ஜுபிடர் நிறுவனத்தின் 'கன்னியின் காதலி' என்னும் படம் வெளிவந்தது. கண்ணதாசன் திரைப்பாடலாசிரியராக அறிமுகமானது அப்படத்தில்தான். அக்காலத்தில் அதே நிறுவனத்தின் இசைக்குழுவை ஒட்டித்தான் விசுவநாதனும் வளர்ந்துகொண்டிருந்தார்.

1952ஆம் ஆண்டு சி. ஆர். சுப்பராமன் இளம் வயதிலேயே காலமானார். 'தேவதாஸ்' உள்ளிட்ட படங்களில் அவர் விட்டுச்சென்ற இசைப்பணியை விசுவநாதனும் இராமமூர்த்தியும் முடித்துக் கொடுத்தனர். அதே ஆண்டில் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் இயக்கிய 'பணம்' என்னும் படத்திற்கு இருவரும் இணைந்து இசையமைத்தனர். இரட்டையர் என்னும் நிலையில் அது அவர்களுக்கு முதற்படம். அதில் பாடல் எழுதியவர்களுள் கண்ணதாசனும் ஒருவர்.

1958ஆம் ஆண்டு கண்ணதாசன் தாமே படத்தயாரிப்பாளரானார். 'மாலையிட்ட மங்கை' என்னும் தம் படத்திற்கு விசுவநாதன் இராமமூர்த்தி இரட்டையரையே அழைத்தார். படம் வென்றது, பாடல்கள் பட்டிதொட்டியெங்கும் ஒலித்தன. வாய்ப்புகள் குறைந்திருந்த பாடகரும் நடிகருமான டி. ஆர். மகாலிங்கத்திற்கு அப்படம் மறுவாழ்வு தந்தது.

1961ஆம் ஆண்டில் பீம்சிங் இயக்கத்தில் 'பாவமன்னிப்பு', 'பாசமலர்', 'பாலும் பழமும்' ஆகிய மூன்று படங்கள் வெளிவந்தன. மூன்றிலும் கண்ணதாசனின் சொற்களும் இரட்டையரின் இசையும் இணைந்தன. சமய ஒற்றுமை, உடன்பிறந்தோர் பாசம், கணவன் மனைவி அன்பு என ஒவ்வொரு படமும் ஓர் உணர்வைத் தாங்கி நின்றது. டி. எம். சௌந்தரராசன், பி. சுசீலா, பி. பி. ஸ்ரீநிவாஸ் ஆகியோரின் குரலில் அப்பாடல்கள் இலங்கை வானொலி வழியாகக் கடல் கடந்தும் சென்றன. 1963ஆம் ஆண்டு விசுவநாதனுக்கும் இராமமூர்த்திக்கும் 'மெல்லிசை மன்னர்கள்' என்னும் பட்டம் வழங்கப்பட்டது. 1964ஆம் ஆண்டு 'கர்ணன்' வெளிவந்தது. அப்படத்தின் மெட்டுகள் பல இந்துஸ்தானி இராகங்களைத் தழுவியவை. அவற்றில் தமிழ் சிறிதும் அயன்மை தோன்றாமல் அமர்ந்தது கண்ணதாசனின் திறம்.

மெட்டும் சொல்லும்

திரைப்பாடல் இருவகையில் உருவாகிறது. கவிஞர் முதலில் எழுத, இசையமைப்பாளர் அதற்கு இசை கூட்டுவது ஒருவகை. இசையமைப்பாளர் முதலில் மெட்டமைக்க, கவிஞர் அதற்குச் சொல் பொருத்துவது மற்றொரு வகை. கண்ணதாசனும் விசுவநாதனும் இரு வகையிலும் பணியாற்றினர். இரண்டாவது வகை, கவிஞருக்குக் கூடுதல் சோதனை தருவது.

இயக்குநர் கதைச்சூழலை விளக்குவார். விசுவநாதன் ஆர்மோனியத்தின்முன் அமர்ந்து, பொருளற்ற தத்தகாரச் சொற்களால் மெட்டைப் பாடிக் காட்டுவார். கண்ணதாசன் அதைச் செவியில் வாங்கிக்கொண்டு வாய்மொழியாகவே வரிகளைச் சொல்வார். உறவினரும் உதவியாளருமான பஞ்சு அருணாசலம் போன்றோர் அவற்றை எழுதிக்கொள்வர். சொல் பொருந்தாவிடின் வேறு சொல் வரும். அதுவும் பொருந்தாவிடின் மெட்டே சற்று வளையும்.

இதன் நுட்பத்தை யாப்பிலக்கணம் கற்ற மாணவர் எளிதில் உணரலாம். 'பூ', 'மலர்' ஆகிய இரு சொற்களும் ஒரே பொருளைத் தருவன. 'பூ' என்பது தனிநெடில். இரண்டு மாத்திரை பெறும். 'மலர்' என்பது இரு குறிலும் ஓர் ஒற்றும் கொண்டது; இரண்டரை மாத்திரை பெறும். மாத்திரை அளவில் வேறுபாடு சிறிதே. ஆனால், மெட்டு ஓரிடத்தில் நின்று நீளுமாயின் அங்கே 'பூ' பொருந்தும். மெட்டு இரண்டு எட்டு விரைந்து வைக்குமாயின் அங்கே 'மலர்' பொருந்தும். நெடிலை இசை எவ்வளவு நீட்டினும் சொல் சிதையாது. செய்யுளில் அளபெடை செய்யும் பணியும் இதுவே. மெல்லின, இடையின ஒற்றுகள் ஓரளவு நீளும். வல்லின ஒற்றோ மூச்சைத் தடுத்து நிறுத்தும். இசை நீளவேண்டிய இடத்தில் அது வந்தால் பாடகர் திணறுவார். கண்ணதாசன் இவற்றை அட்டவணையிட்டுக் கணக்கிடவில்லை. பழம்பாடல்களைப் பலகாலம் வாய்விட்டுப் படித்த பயிற்சியால், எந்த இடத்தில் எந்த ஒலி நிற்கும் என்பது அவருக்குச் செவிவழியே கைவந்தது.

அக்காலப் பாடல்பதிவில் இன்னொரு கடுமையும் இருந்தது. பாடகரும் இசைக்கலைஞர் அனைவரும் ஒரே வேளையில் ஒரே கூடத்தில் பாடியும் இசைத்தும் பதிவு செய்யவேண்டும். ஒருவர் பிழை செய்தாலும் பாடல் மீண்டும் தொடக்கத்திலிருந்து பதிவாகும். ஆதலால், நாவில் தடுக்கும் சொல்லை எழுதும் கவிஞரால் அனைவரின் உழைப்பும் வீணாகும். எளிய சொல், தெளிந்த ஒலி என்னும் கண்ணதாசனின் நடைக்கு இந்தத் தேவையும் ஒரு காரணம்.

1980ஆம் ஆண்டு கே. பாலசந்தர் இயக்கிய 'வறுமையின் நிறம் சிவப்பு' என்னும் படத்தில் இம்முறையே ஒரு காட்சியாக இடம்பெற்றது. கதைத்தலைவி மெட்டைப் பாட, தலைவன் உடனுக்குடன் சொல்லிட்டு நிரப்புவான். அதை எழுதியவர் கண்ணதாசன், இசை விசுவநாதன். முப்பதாண்டுக் காலம் தம் கூடத்தில் நிகழ்ந்ததையே இருவரும் திரையில் மக்களுக்குக் காட்டினர் எனலாம்.

அரசியல் அலைகள்

கண்ணதாசனின் வாழ்வு பாட்டோடு முடிந்ததன்று. அவர் இளமையிலேயே திராவிட இயக்கத்தில் ஈடுபட்டார். 1953ஆம் ஆண்டு டால்மியாபுரம் என்னும் தொடர்வண்டி நிலையத்திற்குக் கல்லக்குடி என்னும் ஊர்ப்பெயரையே சூட்டவேண்டும் எனப் போராட்டம் எழுந்தது. அதில் பங்கேற்றுச் சிறை சென்றார். சிறைவாழ்வு அவருடைய எழுதுகோலை முடக்கவில்லை. 'மாங்கனி' என்னும் காவியத்தை அங்கே இயற்றினார். 'தென்றல்' என்னும் இதழையும் நடத்தினார். 1957ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் திருக்கோட்டியூர்த் தொகுதியில் போட்டியிட்டுத் தோற்றார்.

1961ஆம் ஆண்டு இயக்கத்தோடு கருத்து வேறுபட்டு வெளியேறினார். ஈ. வெ. கி. சம்பத் தொடங்கிய தமிழ்த் தேசியக் கட்சியில் இணைந்தார். பின்னர்க் காங்கிரசில் சேர்ந்தார். நேற்றுவரை தோள்கொடுத்த நண்பர்கள் எதிர்வரிசையில் நின்றனர். மேடையில் கடுமையாகப் பேசினார். கடுமையான மறுமொழிகளையும் பெற்றார். இளமையில் கடவுள் மறுப்புப் பேசியவர், பிற்காலத்தில் பத்துப் பாகங்களாக 'அர்த்தமுள்ள இந்துமதம்' எழுதினார்; 'இயேசு காவியம்' படைத்தார். தம் மாற்றங்களை அவர் மறைக்கவில்லை. 'வனவாசம்', 'மனவாசம்' ஆகிய தன்வரலாற்று நூல்களில் தம் தவறுகளையும் வீழ்ச்சிகளையும் தாமே எடுத்துரைத்தார். தம்மைப் பற்றிப் பிறர் கூறத் தயங்குவனவற்றையும் தாமே கூறிய துணிவு, தமிழ்த் தன்வரலாற்று இலக்கியத்தில் அந்நூல்களுக்குத் தனியிடம் தந்தது.

பொருளியல் வாழ்விலும் ஏற்றத்தாழ்வுகள் மிகுதி. மருது சகோதரர்களின் காலத்தைக் கதைக்களமாகக் கொண்டு அவர் 1959ஆம் ஆண்டு தயாரித்த 'சிவகங்கைச் சீமை', அதே காலத்தில் வெளிவந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' பெற்ற பெருவெற்றியின்முன் எடுபடவில்லை. 1960ஆம் ஆண்டு வெளிவந்த 'கவலை இல்லாத மனிதன்' அவரைக் கடனில் ஆழ்த்தியது. அக்கடனை அடைக்க அவருக்கு இருந்த ஒரே முதல் அவருடைய சொல்வளம். ஒரு நாளில் பல கூடங்களுக்குச் சென்று பாடல்கள் எழுதினார்.

நட்புக்கு வந்த சோதனை

கவிஞரின் அரசியல் நிலைப்பாடு அவருடைய தொழிலையும் தொட்டது. எம். ஜி. இராமச்சந்திரனோடு கருத்து வேறுபாடு வளர்ந்தது. அவர் நடித்த படங்களில் கண்ணதாசனின் பாடல்கள் குறைந்தன. அந்த இடத்தைக் கவிஞர் வாலி பெற்றார். 1964ஆம் ஆண்டு வெளிவந்த 'படகோட்டி' படத்தின் பாடல்கள் அனைத்தையும் வாலி எழுதினார். அவற்றுக்கு இசையமைத்தவர்கள் விசுவநாதனும் இராமமூர்த்தியும்.

நண்பரின் இடத்தில் மற்றொருவரை அமர்த்தி இசையமைக்கவேண்டிய நிலை விசுவநாதனுக்கு நேர்ந்தது. அவர் எக்கட்சியையும் சாராதவர். எப்படத்திற்கும் முழுமனத்தோடு இசையமைப்பதே தம் கடன் எனக் கொண்டவர். வாலியின் சொற்களுக்கும் சிறந்த மெட்டுகளையே தந்தார். கண்ணதாசன் இதனை நட்புக்கு எதிரான செயலாகக் கருதவில்லை. 'படகோட்டி' வெளிவந்த அதே ஆண்டில்தான் 'கர்ணனும்' 'காதலிக்க நேரமில்லையும்' இருவரின் கூட்டில் வெளிவந்தன. தொழிலில் எழுந்த போட்டியை நட்பின்மேல் ஏற்றாமல் இருப்பதற்கு இருவருக்கும் பெருமனம் வேண்டியிருந்தது.

1965ஆம் ஆண்டு வேறொரு பிரிவு நேர்ந்தது. 'ஆயிரத்தில் ஒருவன்' படத்திற்குப்பின் விசுவநாதனும் இராமமூர்த்தியும் தனித்தனியே இசையமைக்கத் தொடங்கினர். பதின்மூன்று ஆண்டுகள் நீடித்த இணை பிரிந்தபின், விசுவநாதன் தனித்து நிற்க முடியுமா என்னும் கேள்வி எழுந்தது. அக்கேள்விக்கு விடைதந்த பாடல்கள் பலவற்றைக் கண்ணதாசனே எழுதினார். 1968ஆம் ஆண்டு வெளிவந்த 'குழந்தைக்காக' படத்தின் பாடலுக்காகக் கண்ணதாசன் தேசிய விருது பெற்றார். சிறந்த பாடலாசிரியருக்கான தேசிய விருது முதன்முதலாக வழங்கப்பட்டது அப்போதுதான். இந்தியமொழிகள் அனைத்திலும் அவ்விருதை முதலில் பெற்றவர் ஒரு தமிழ்க்கவிஞர். அப்படத்தின் இசையமைப்பாளர் விசுவநாதன்.

எழுபதுகளில் காலம் மாறியது. புதிய இயக்குநர்கள் புதிய கதைகளோடு வந்தனர். பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை', 'அபூர்வ ராகங்கள்', 'அவர்கள்', 'நினைத்தாலே இனிக்கும்' ஆகிய படங்களில் ஐம்பதை நெருங்கிய இருவரும் இளைஞர்களின் உள்ளத்தை இசையிலும் சொல்லிலும் காட்டினர்.

மீண்டும் கூடிய கை

1978ஆம் ஆண்டு கண்ணதாசன் தமிழ்நாட்டின் அரசவைக் கவிஞராக அமர்த்தப்பட்டார். அப்பொறுப்பை அவருக்கு அளித்தவர் அப்போதைய முதலமைச்சர் எம். ஜி. இராமச்சந்திரன். ஒருகாலத்தில் மேடைதோறும் தம்மைக் குறைகூறிய கவிஞரின் தமிழை அவர் மறக்கவில்லை. அரசியலில் எழுந்த சினத்தைத் தமிழின்மேல் காட்டாத அச்செயல், கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் பெருமை சேர்த்தது. 1980ஆம் ஆண்டு 'சேரமான் காதலி' என்னும் வரலாற்றுப் புதினத்திற்காகச் சாகித்திய அகாதெமி விருதும் அவரை வந்தடைந்தது.

கடைசிப் பயணம்

1981ஆம் ஆண்டு அமெரிக்கத் தமிழர்களின் அழைப்பை ஏற்று விழாவில் பங்கேற்கக் கண்ணதாசன் கடல் கடந்தார். அங்கு அவருடைய உடல்நலம் குன்றியது. சிகாகோ நகர மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஏறத்தாழ மூன்று திங்கள் மருத்துவம் பார்த்தும் பயனின்றி, அக்டோபர் 17ஆம் நாள் காலமானார். அப்போது அவருக்கு அகவை 54. அவருடைய உடல் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டு, அரசு மரியாதையுடன் எரியூட்டப்பட்டது. அவர் எழுதிய பாடல் இடம்பெற்ற 'மூன்றாம் பிறை' அவருடைய மறைவுக்குப்பின் 1982ஆம் ஆண்டு வெளிவந்தது. இளையராசா இசையமைத்த அப்பாடலே கவிஞரின் கடைசித் திரைப்பாடலாகப் போற்றப்படுகிறது. காரைக்குடியில் அவருக்கு மணிமண்டபம் எழுப்பப்பட்டுள்ளது.

தனித்து வந்த பிறந்தநாள்

நண்பர் மறைந்தபின் விசுவநாதன் ஏறத்தாழ 34 ஆண்டுகள் வாழ்ந்தார். வேறு பல கவிஞர்களின் சொற்களுக்கு இசையமைத்தார். 1986ஆம் ஆண்டு 'மெல்லத் திறந்தது கதவு' படத்தில் தம்மினும் இளையவரான இளையராசாவோடு இணைந்து பணியாற்றினார். பிரிந்திருந்த இராமமூர்த்தியோடு 1995ஆம் ஆண்டு 'எங்கிருந்தோ வந்தான்' படத்திற்காக மீண்டும் சேர்ந்தார். மேடைகளிலும் நேர்காணல்களிலும் தம் இசையைப் பற்றிக் கேட்டவர்களிடம் அவர் பெரும்பாலும் கண்ணதாசனைப் பற்றியே பேசினார். ஜூன் 24 வரும்போதெல்லாம் கவிஞரின் பிறந்தநாளும் உடன் நினைக்கப்பட்டது. 2015ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள், 87ஆம் அகவை நிறைந்த சில நாள்களில், சென்னையில் அவர் காலமானார்.

இவ்விருவரின் வாழ்வை எண்ணும்போது ஒன்று புலப்படுகிறது. பள்ளிக்கல்வி முழுமையாகக் கிட்டாமை இருவருக்கும் குறையே. அக்குறையை அவர்கள் பெருமையாகக் கொள்ளவில்லை. தாம் அறியாததை அறிந்தவரிடமிருந்து பெற்று நிறைத்துக்கொண்டனர். கவிஞர் இசைஞரின் செவியை நம்பினார். இசைஞர் கவிஞரின் தமிழை நம்பினார். தம் துறையில் வல்லவராயினும், தம் படைப்பில் மற்றவர் கைவைக்க இடம் தந்தனர்.

நாளைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்துத் தொடங்கும். மாணவர்கள் அதனைப் பாடும்போது, நெடில்கள் எங்கே நீள்கின்றன, குறில்கள் எங்கே விரைகின்றன என்று ஒருமுறை செவிகொடுத்துக் கேட்கலாம். கோவையின் படப்பிடிப்பு நிலையத்தில் தேநீர் வாங்கிக் கொடுத்த சிறுவன் பின்னாளில் அமைத்த இசை அது.

கற்பவை கற்றபின்…

1. ஒரே பொருள் தரும் இரு சொற்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் மாத்திரை அளவைக் கணக்கிடுக. நீளும் மெட்டுக்கும் விரையும் மெட்டுக்கும் எச்சொல் பொருந்தும் என வகுப்பில் பாடிக் காட்டுக.

2. நண்பர் இருவர் இணைக. ஒருவர் தத்தகாரத்தில் ஒரு மெட்டைப் பாட, மற்றவர் உங்கள் ஊரைப் பற்றி நான்கு வரிகள் அமைக்க.

3. கருத்து வேறுபாடு கொண்டவரின் திறமையை மதித்துப் போற்றிய நிகழ்வு ஒன்றை இப்பாடத்திலிருந்து எடுத்துக்காட்டி, அதுபோன்ற வேறொரு நிகழ்வோடு ஒப்பிட்டுப் பேசுக.